மினசோட்டா ஸ்டேட் பார்க் பாஸ்: நார்த் ஷோருக்காக வாங்காதீர்கள்

மே மாதம் பிறந்தால் போதும், ட்வின் சிட்டீஸ் (மினியாபொலிஸ், செயின்ட் பால்) தமிழர் வாட்சப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும்: “மெமோரியல் டே வீக்கெண்டுக்கு நார்த் ஷோர் போறோம். ஸ்டேட் பார்க் பாஸ் எடுக்கணுமா?” உடனே நாலைந்து பேர் “கண்டிப்பா எடுங்க, வொர்த்து” என்று போடுவார்கள். வொர்த்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சுப்பீரியர் ஏரியின் வடகரையான நார்த் ஷோருக்காக மட்டும் என்றால் பாதிக் காசு தண்டம். இந்தப் பாஸ் தன் விலையைத் திருப்பித் தருவது வீட்டிலிருந்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் இருக்கும், யாரும் இன்ஸ்டாகிராமில் போடாத பார்க்குகளில்தான்.

முதலில் பாஸைப் பற்றி. டிஎன்ஆர் என்று எல்லோரும் சொல்லும் மாநில இயற்கை வளத் துறை தருவது இது. நான் வாங்கியபோது வருடத்துக்கு 35 டாலர், ஒரு நாளுக்கு மட்டும் என்றால் 7 டாலர். கட்டணம் மாறும், நீங்கள் வாங்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு வண்டிக்கு, ஆளுக்கு இல்லை. ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்து, நாங்கள் நாலு பேரும் சேர்ந்து வண்டி நிறைய ஏறிக்கொண்டு போனாலும் அதே காசுதான். ஜனவரியிலிருந்து டிசம்பர் என்று இல்லாமல், வாங்கிய மாதத்திலிருந்து ஓராண்டு செல்லும். மாநிலம் முழுக்க ஸ்டேட் பார்க்கும் பொழுதுபோக்குப் பகுதியுமாக எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு, வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் இந்த ஒரு ஸ்டிக்கர். ஐந்து தடவை போனால் போட்ட காசு வந்துவிடும், ஆறாவதிலிருந்து லாபம்.

இனி நார்த் ஷோர். டுலூத் நகரைத் தாண்டி 61-ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால் முதலில் எல்லோரும் நிறுத்துவது கூஸ்பெரி ஃபால்ஸ். அங்கே இருக்கும் விசிட்டர் சென்டர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இளைப்பாறும் ரெஸ்ட் ஏரியாவும்கூட. அதனால் அந்த பார்க்கிங்கில் வண்டியை விட பாஸ் தேவையே இல்லை. கழிப்பறை, தண்ணீர் எல்லாம் உண்டு, பத்து நிமிடம் நடந்தால் அருவி. இன்னும் மேலே போனால் அருவியுள்ள டெட்டகூச் பார்க். அங்கேயும் விசிட்டர் சென்டர் ரெஸ்ட் ஏரியாதான், அதே கதை. நடுவில் வரும் ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கத்தை மினசோட்டா ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி நடத்துகிறது. அதற்கு டிக்கெட் தனி, உங்கள் ஸ்டிக்கர் அங்கே செல்லாது. 1905 நவம்பர் புயலில் சுப்பீரியர் ஏரியில் கப்பல்கள் வரிசையாக உடைந்த பிறகு, 130 அடி உயரப் பாறை விளிம்பில் 1910-இல் எழுப்பியது. ஒவ்வொரு நவம்பர் 10 மாலையும், 1975-இல் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலின் 29 மாலுமிகள் நினைவாக விளக்கை ஏற்றுவார்கள். குழந்தைகளுக்குப் புரியும் வயதென்றால் அந்த டிக்கெட் காசைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கடைசியாக, கனடா எல்லையை ஒட்டி கிராண்ட் போர்ட்டேஜ் ஸ்டேட் பார்க். பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களின் கிராண்ட் போர்ட்டேஜ் இனக்குழுவோடு சேர்ந்து நடத்தப்படும் பார்க் இது. இங்கேயும் வண்டிக்கு பாஸ் வேண்டாம். எனக்கு நார்த் ஷோரில் மிகவும் பிடித்த இடமும் இதுதான், அதற்குக் காரணம் அருவியைவிட அதற்குப் போகும் பாதை. அரை மைல், சக்கர நாற்காலி போகும்படி போட்டது, முடிவில் பலகை நடைமேடை. முழங்கால் வலியால் கூஸ்பெரியில் படி இறங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்ட அத்தை இங்கே யார் கையையும் பிடிக்காமல் நடந்து போய் அருவிக்கு நேரெதிரே நின்றார். பிஜன் ஆறு 120 அடியிலிருந்து விழுகிறது, எதிர்க்கரை கனடா. சாரல் நடைமேடை வரைக்கும் வந்து கண்ணாடியை நனைக்கிறது. தென்காசிக்காரரான மாமாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “ஏம்மா, இவ்வளவு தூரம் அருவிக்கு வந்துட்டு தலையை நனைக்காமப் போறதா? குத்தாலத்துல இந்நேரம் எண்ணெய் தேச்சு இறங்கியிருப்பேன்” என்று வண்டிக்குத் திரும்பும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். சின்னவன், “தாத்தா, அந்தப் பக்கம் விழுந்தா பாஸ்போர்ட் கேப்பாங்க” என்றான்.

ஆக, நார்த் ஷோரின் பெரிய அருவிகளில் மூன்றுக்கு பாஸ் இல்லாமலே போகலாம். பாஸ் கட்டாயம் வேண்டிய, அதே சமயம் தவறவிடக்கூடாத இடம் ஜட்ஜ் சி. ஆர். மேக்னி பார்க்கில் உள்ள டெவில்ஸ் கெட்டில். புரூல் ஆறு ஒரு பாறையில் மோதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி ஒழுங்காகக் கீழே விழுந்து ஓடுகிறது, இன்னொரு பாதி பாறையில் இருக்கும் ஒரு பெரிய குழிக்குள் இறங்கி, காணாமல் போய்விடுகிறது. எங்கே போகிறது என்று பல காலமாக ஆளுக்கொரு கதை. பிங்பாங் பந்து போட்டார்கள், சாயம் ஊற்றினார்கள், ஒன்றும் வெளியே வரவில்லை என்பார்கள். 2016 இலையுதிர்காலத்தில் டிஎன்ஆர் நீரியலாளர்கள் நேராக ஒரு வேலை செய்தார்கள்: அருவிக்கு மேலேயும் கீழேயும் ஆற்றின் நீரோட்டத்தை அளந்தார்கள். மேலே நொடிக்கு 123 கன அடி, கீழே 121. அதாவது குழிக்குள் போன தண்ணீர் எங்கும் போகவில்லை, கொஞ்சம் தள்ளி அதே ஆற்றில் வந்து சேர்ந்துவிடுகிறது. பெரியவளிடம் இதைப் போகும் வழியிலேயே சொல்லாமல், அங்கே நின்று அவளாக இரண்டு மூன்று ஊகம் செய்த பிறகு சொன்னேன். உங்களுக்கும் அதே யோசனை. ஒரு எச்சரிக்கை: பாதையில் சுமார் 200 மரப்படிகள். இறங்கும்போது சுகம், திரும்பும்போது நாலு வயதுக் குழந்தையைத் தோளில் தூக்கித்தான் ஏற வேண்டியிருக்கும். அத்தையை இங்கே கூட்டிப்போகவே இல்லை.

சரி, பாஸ் காசு எங்கே வந்தது? மன்காட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மினியோபாவில். எங்கள் பர்ன்ஸ்வில் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. சனிக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, மத்தியானத் தூக்கத்துக்கு வீடு திரும்பிவிடலாம். அங்கே காட்டெருமைகள் இருக்கின்றன. 2015-இல் 11 காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது கன்றும் காளையுமாகப் பெருகி நிற்கின்றன. வேலியிட்ட புல்வெளிக்குள் மண்சாலையில் உங்கள் வண்டியிலேயே மெதுவாகப் போக வேண்டும், இறங்கக் கூடாது. புதன்கிழமைகளில் அந்தச் சாலை மூடியிருக்கும். லீவு போட்டுப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

சில நாள் மந்தை தூரத்தில் கறுப்புப் புள்ளிகளாகத்தான் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் சாலையிலேயே நிற்கும். ஒரு ஜூன் காலையில் ஒரு பெரிய காளை எங்கள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றது. குளிர்கால ரோமம் பாதி உதிர்ந்து, தோளில் கந்தல் கம்பளி போலத் தொங்கிக்கொண்டிருந்தது, பின்பக்கம் மழமழவென்று இருந்தது. முதுகில் இரண்டு சின்னப் பறவைகள். அது நகரும் வரை நாங்களும் நகரவில்லை, பின்னால் நின்ற வண்டிக்காரரும் ஹாரன் அடிக்கவில்லை. அப்புறம் சாலையோரம் இருந்த புழுதிக் குழியில் கால்களை மடக்கிப் படுத்து, அவ்வளவு பெரிய உடம்பு ஒரு பக்கமாகப் புரண்டது. புழுதி மேகமாக எழுந்து எங்கள் கண்ணாடியில் படிந்தது. மூச்சு விடும் சத்தம் மூடிய கண்ணாடி வழியாகவே கேட்டது. செந்நிறக் கன்று ஒன்று அதைப் பார்த்துவிட்டுத் தானும் புரள முயன்றது, சரியாக வரவில்லை. குழந்தைகள் இருவரும் அரை மணி நேரம் டேப்லெட் கேட்கவில்லை. எனக்கு 35 டாலர் அங்கேயே வசூலாகிவிட்டது. அதே பார்க்கில் இரட்டை அருவியும் பழைய கல் காற்றாலையும் இருக்கின்றன, ஆனால் காட்டெருமை பார்த்த பிறகு அவற்றைப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

ஃபோர்ட் ஸ்னெல்லிங் இன்னும் பக்கம், விமான நிலையத்துக்கு அடியிலேயே இருக்கிறது என்று சொல்லலாம். விமானங்கள் தலைக்கு மேலே சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும். சின்னவனுக்கு மான் வேண்டாம், வாத்து வேண்டாம், இறங்குவது டெல்டா விமானமா சன் கன்ட்ரி விமானமா என்று சொன்னால் போதும். மினசோட்டா ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடம் இங்கேதான். பைக் தீவைச் சுற்றிச் சமதளமான பாதை, ஸ்ட்ரோலர் தள்ளலாம். பனி உருகும் காலத்தில் வெள்ளம் ஏறிப் பார்க்கையே மூடிவிடுவார்கள். ஏப்ரலில் போகுமுன் டிஎன்ஆர் இணையதளத்தைப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூர்வகுடிகளான டகோட்டா மக்களுக்குப் புனிதமான இந்தச் சங்கமத்தில்தான், 1862-63 குளிர்காலத்தில் சுமார் 1,600 டகோட்டா மக்களை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்களை, அடைத்து வைத்தார்கள். பலர் அங்கேயே இறந்தார்கள். பார்க்கில் நினைவிடம் இருக்கிறது. பிக்னிக் மேசைகளுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு இடம் என்பது மனதை என்னவோ செய்யும். பெரியவளுக்கு அங்கே நின்று கொஞ்சம் சொன்னேன். எட்டு வயதுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு.

ஒயிட்வாட்டர், தென்கிழக்கு மூலையில். ஜூலையில் எங்கே போனாலும் கொசு பிய்த்தெடுக்கும் மாநிலத்தில், கொசு குறைவு என்று பெயர் வாங்கிய பார்க் இது. ஓடை வேகமாக ஓடுவதால் தேங்கிய தண்ணீர் குறைவு என்பது காரணம். சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், ட்ரவுட் மீன் ஓடை, குழந்தைகள் இறங்கிக் குளிக்க மணல் கரை. மாமா ஒருவழியாகத் தலையை நனைத்தது இங்கேதான். “தண்ணி ஐஸ்” என்று ஒரு முங்கு போட்டுவிட்டு ஏறிவிட்டார், குத்தாலப் பேச்சு அதோடு நின்றது. டெய்லர்ஸ் ஃபால்ஸ் ஊரில் உள்ள இன்டர்ஸ்டேட் பார்க்கில் பனியாற்று வெள்ளம் பாறையில் குடைந்த குழிகளைக் காணலாம். ஆழமானது 60 அடி. ஆற்றுக்கு அக்கரையில் அதே பெயரில் விஸ்கான்சினுக்கும் ஒரு பார்க் உண்டு, அங்கே நம் ஸ்டிக்கர் செல்லாது.

இட்டாஸ்கா போகாமல் மினசோட்டாவை விட்டுக் கிளம்பாதீர்கள். 1891-இல் உருவான, மாநிலத்தின் மிகப் பழைய ஸ்டேட் பார்க். ஏரியிலிருந்து ஓடையாக வெளியே வரும் மிசிசிப்பியைக் கல் மேல் கால் வைத்துத் தாண்டலாம். அங்கே நட்டிருக்கும் மரத்தூணில், இங்கிருந்து மெக்சிகோ வளைகுடாவுக்கு 2,552 மைல் என்று செதுக்கியிருக்கிறார்கள். இப்போது நாம் பார்க்கும் அந்த அழகான கல்வரிசை இயற்கையானது இல்லை. சதுப்பாகக் கிடந்த இடத்தை 1930-களில் திருத்திக் கல் அடுக்கினார்கள். தெரிந்தபிறகும் தாண்டும்போது சந்தோஷம் குறையவில்லை. கல் வழுக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரிலேயே இறங்கி நடப்பது பாதுகாப்பு, முழங்காலளவுதான். பெரியவர்களுக்கும் ஏறிக் கடக்கத் துணை வேண்டும். நாலு மணி நேர ஓட்டம் என்பதால் ஒரு நாளில் போய்வரலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு இரவு தங்குங்கள். நாங்கள் பக்கத்து ஊர் மோட்டல் ஒன்றில் தங்கினோம். பெயர் வேண்டாம். போர்வையில் சிகரெட் நாற்றம், காலை உணவு என்று சொன்னது பழைய மஃபினும் காப்பியும். அடுத்த முறை பார்க்குக்குள்ளேயே கூடாரம்தான் என்று முடிவானது அங்கேதான்.

கூடாரம் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு “ஐ கேன் கேம்ப்” என்று ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. கூடாரம், காற்று மெத்தை, அடுப்பு எல்லாம் டிஎன்ஆர் தரும், கட்டணம் தனி. கூடாரம் அடிப்பதையும் கற்றுக்கொடுத்து இரவு பக்கத்திலேயே ஆள் இருப்பார்கள். நம் ஊரில் கேம்பிங் பழக்கம் இல்லாமல் வந்தவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. தனியாகப் போகப் பழகிவிட்டால் இடத்தை 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம். கோடை வார இறுதிகளில் பிரபலமான பார்க்குகள் அந்த முதல் நாளிலேயே நிறைந்துவிடும். அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டிய வேலை. விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது, பூச்சி பரவும் என்பதால் அங்கீகரித்த விற்பனையாளரிடம்தான் வாங்க வேண்டும். பார்க்கில் பொது இடத்தில் மது குடிக்க அனுமதி இல்லை. என் வீட்டில் இதை ஒரு குறையாக யாரும் சொல்லவில்லை.

குறை என்று நான் சொல்வது ஸ்டிக்கர் விஷயம். கண்ணாடியின் வலது கீழ் மூலையில் ஒட்டிவிட்டால் அது அந்த வண்டிக்கு மட்டும்தான். ஊரிலிருந்து ஆட்கள் வந்து, இடம் போதாமல் பெரிய வேன் வாடகைக்கு எடுத்தால் மறுபடி நாள் பாஸ் வாங்க வேண்டியதுதான். உறவினர் வரவால்தான் அதிகம் ஊர் சுற்றும் நம் குடும்பங்களுக்கு இது இடிக்கிறது. ஒரே வீட்டின் இரண்டாவது வண்டிக்குச் சலுகை விலை உண்டு, ஆனால் வாடகை வண்டி அதில் வராது.

குழந்தைகளை நடக்கவைக்க ஹைக்கிங் கிளப் என்று ஒன்று, சுமார் 15 டாலர். ஒவ்வொரு பார்க்கிலும் குறிப்பிட்ட ஒரு பாதையில் எங்கோ ஒரு பலகையில் ரகசிய வார்த்தை எழுதியிருக்கும். அதைக் கண்டுபிடித்துப் புத்தகத்தில் எழுதினால் மைல் கணக்கு ஏறும், இத்தனை மைலுக்கு இந்த பேட்ச் என்று கொடுப்பார்கள். “கால் வலிக்குது” என்று தொடங்கும் பெரியவள், அடுத்த திருப்பத்தில் பலகை இருக்குமோ என்று முன்னால் ஓடுகிறாள். பாஸைவிட இதுதான் எங்களை ஊர் ஊராக இழுத்தது என்றால் மிகையில்லை. முதியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் சில பார்க்குகளில் டிராக் சேர் இருக்கிறது. டாங்கிபோலப் பட்டை சக்கரம் வைத்த மின் நாற்காலி, கரடுமுரடான பாதையிலும் போகும். இலவசம், முன்பதிவு செய்ய வேண்டும். அத்தையிடம் சொன்னேன். “நான் என்ன அவ்வளவு கெழவியா?” என்று கேட்டுவிட்டார்.

சாப்பாடு கையில் கொண்டுபோங்கள். பெரும்பாலான பார்க்குகளில் கடை என்று எதுவும் இருக்காது, ஆனால் மேசையும் கரியடுப்பும் எங்கும் உண்டு. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஐஸ் பெட்டியில் மோர். மே, ஜூனில் புல்வெளியில் நடந்தால் வீடு திரும்பியதும் உண்ணி தேடுவது கட்டாயம். காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு மடிப்பு. மான் உண்ணி எள்ளளவுதான் இருக்கும், லைம் நோய் வரும், அலட்சியம் வேண்டாம். வெளிர்நிறப் பேண்ட்டைக் காலுறைக்குள் சொருகிவிட்டால் ஏறுவது கண்ணில் படும். பார்ப்பதற்குச் சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை.

பலர் செப்டம்பரோடு பாஸை மறந்துவிடுகிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் சில பார்க்குகளில் மாலை நேரத்தில் பாதை நெடுக விளக்கேற்றி வைத்து நடக்க விடுகிறார்கள், நடுவில் நெருப்பு மூட்டியிருக்கும். பனியில் நடக்கக் காலில் கட்டும் ஸ்னோஷூவைச் சில பார்க்குகளில் வாடகைக்குத் தருகிறார்கள். பனியைச் சீர்செய்த பாதையில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ போக 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தனி ஸ்கீ பாஸ் வேண்டும், ஸ்டிக்கர் போதாது. வீட்டுக்குள்ளேயே முடங்கிக் குழந்தைகள் சோபாவில் குதித்துக்கொண்டிருக்கும் அந்த மாதங்களில்தான் இந்த ஸ்டிக்கரின் அருமை எனக்குத் தெரிகிறது.

கோடையில் ஒரே ஒரு தடவை நார்த் ஷோர், மற்றபடி மால், பிறந்தநாள், கோயில் என்று போகிற குடும்பம் என்றால் ஆண்டு பாஸ் வேண்டாம், டெவில்ஸ் கெட்டில் பார்க்கும் நாளுக்கு மட்டும் நாள் பாஸ் எடுங்கள். வருடத்தில் நாலு நாள் எல்லா ஸ்டேட் பார்க்குக்கும் நுழைவு இலவசம், தேதிகள் டிஎன்ஆர் இணையதளத்தில் இருக்கும். வாங்கலாமா வேண்டாமா என்று தடுமாறுகிறவர்களுக்கு இன்னொரு வழி: மாநிலத்தின் சில பொது நூலகங்களில் புத்தகம் எடுப்பதுபோல ஏழு நாள் செல்லும் பார்க் பாஸை எடுக்கலாம். உங்கள் ஊர் நூலகத்தில் உண்டா என்று கேளுங்கள். கிடைத்தால் அந்த வாரமே மினியோபா போய் வாருங்கள், புதன்கிழமை மட்டும் வேண்டாம்.